ஆங்கிலச் சொல் எந்த வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாணவர்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தரும் பெற்றோர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என யார் வந்தாலும் ஆங்கில இலக்கணத்தில் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கும், கொஞ்சம் வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். முதல் நான்கு பதில்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னால் வருபவை எல்லாம் அவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்னா என்ன? அது தெரியலைன்னா என்ன குறைஞ்சிடும்?

ஒரு வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையை வைத்துச் சொற்களைப் பிரிப்பதுதான் இது. பெயரைச் சொல்வது நவுன். அந்தப் பெயருக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன். செயலையோ நிலையையோ சொல்வது வெர்ப். நவுனுக்கு அடைமொழியாக வருவது அட்ஜெக்டிவ், அதாவது பெயரடை. வெர்ப், அட்ஜெக்டிவ், இன்னொரு அட்வெர்ப் ஆகியவற்றுக்கு அடைமொழியாக வருவது அட்வெர்ப். நவுனுக்கு முன்னால் நின்று அதை வாக்கியத்தோடு பிணைப்பது ப்ரிபொசிஷன். சொற்களையோ வாக்கியங்களையோ இணைப்பது கன்ஜங்ஷன். 'ஓ', 'ஆ' என்று உணர்ச்சியில் வருவது இன்டர்ஜெக்ஷன்.

இது தேர்வுக்கு மட்டுமான விஷயம் இல்லை. 'சக்சஸ்' நவுன், 'சக்ஸீட்' வெர்ப், 'சக்சஸ்ஃபுல்' அட்ஜெக்டிவ், 'சக்சஸ்ஃபுல்லி' அட்வெர்ப். நான்குக்கும் அடியில் இருப்பது 'வெற்றி' என்ற ஒரே கருத்து. ஆனாலும் 'ஐ வில் சக்சஸ்' என்று எழுதினால் வாக்கியம் உடைந்துவிடுகிறது, ஏனென்றால் 'வில்' தனக்குப் பின்னால் ஒரு வெர்ப்பை எதிர்பார்க்கிறது. பொருள் தெரிந்தும் வாக்கியம் அமைக்கத் தடுமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல்.

ஒரு சொல்லைப் பார்த்ததுமே வகையைச் சொல்லிடலாமா? மனப்பாடம் பண்ண ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் கொடுக்க மாட்டேன். அது உங்களை ஏமாற்றிவிடும். 'ரவுண்ட்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ். 'தி செகண்ட் ரவுண்ட்' என்றால் நவுன். 'தி கார் ரவுண்டட் தி கார்னர்' என்றால் வெர்ப். 'ஷி டர்ன்ட் ரவுண்ட்' என்றால் அட்வெர்ப். 'வீ வாக்ட் ரவுண்ட் தி லேக்' என்றால் ப்ரிபொசிஷன். எழுத்து ஒன்று, வேலை ஐந்து.

ஆகவே 'இந்தச் சொல் என்ன வகை?' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். 'இந்த வாக்கியத்தில் இது என்ன வகை?' என்று கேளுங்கள். 'ஆஃப்', 'அண்ட்' போலக் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே வேலை செய்யும் சொற்களும் உண்டு. ஆனால் அன்றாடம் புழங்கும் சொற்களில் பல இடத்துக்கு இடம் வகை மாறுபவை.

சரி, வாக்கியத்துக்குள்ள வெச்சு எப்படிப் பார்க்கிறது? ஏதாவது சோதனை இருக்கா?

இருக்கிறது. நவுன் என்று சந்தேகம் வந்தால் முன்னால் 'தி' அல்லது 'மை' போட்டுப் பாருங்கள், பன்மை ஆக்கிப் பாருங்கள். வெர்ப் என்று சந்தேகம் வந்தால் காலத்தை மாற்றிப் பாருங்கள். 'தே வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்பதை நேற்று நடந்ததாக மாற்றினால் 'வாட்டர்ட்' ஆகிறது, ஆகவே இந்த இடத்தில் 'வாட்டர்' வெர்ப். அட்ஜெக்டிவ் என்றால் நவுனுக்கு முன்னாலும் வரும், 'இஸ்' என்பதற்குப் பின்னாலும் வரும், 'வெரி' சேர்த்தாலும் பொருந்தும். ப்ரிபொசிஷன் என்றால் அடுத்து 'மீ', 'ஹிம்', 'தெம்' வைக்கலாம்: 'வித் மீ', 'பிஹைண்ட் தெம்'.

ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 'இன்ஃபர்மேஷன்' பன்மை ஆகாது, ஆனாலும் நவுன்தான். 'மஸ்ட்' காலத்துக்கு ஏற்ப மாறாது, ஆனாலும் வெர்ப் வகைதான். 'மெயின் ரோட்' என்கிறோம், 'தி ரோட் இஸ் மெயின்' என்பதில்லை. 'அஃப்ரெய்ட்' அதற்கு நேர் எதிர், அது 'இஸ்'ஸுக்குப் பின்னால்தான் வரும். இரண்டு சோதனையாவது ஒத்துப்போனால் நம்பலாம்.

அட்வெர்ப்புக்குத் தனிச் சோதனை சொல்லாததற்குக் காரணம் உண்டு. எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளுக்குப் பதிலாக வருவது அட்வெர்ப் என்பார்கள். அது சரிதான். ஆனால் மற்ற எதிலும் அடங்காத 'நாட்', 'வெரி', 'ஆல்சோ' போன்றவற்றையும் பழைய இலக்கணம் அதே பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறது. எனவே மற்ற வகைகளை முதலில் சோதித்துவிட்டு, அட்வெர்ப்பைக் கடைசியில் பாருங்கள்.

தமிழ்ல அர்த்தம் பார்த்து, அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லான்னு பார்த்தா போதாதா?

போதாது. நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'நான் பயப்படுகிறேன்' என்கிறோம். 'பயப்படுகிறேன்' வினைச்சொல் என்பதால் 'அஃப்ரெய்ட்' வெர்ப் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உடனே 'ஐ அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்று எழுதுகிறோம். 'அஃப்ரெய்ட்' ஒரு அட்ஜெக்டிவ், அதற்கு 'ஆம்' தேவை: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. இதையே தலைகீழாகவும் செய்கிறோம். 'எனக்குச் சம்மதம்' என்பதில் 'சம்மதம்' பெயர்ச்சொல். அதை மனதில் வைத்து 'ஐ ஆம் அக்ரீ' என்கிறோம். 'அக்ரீ' வெர்ப், 'ஐ அக்ரீ' என்றாலே வாக்கியம் முடிந்தது.

பசி, கோபம், தாகம் ஆகியவை தமிழில் பெயர்கள். 'எனக்குப் பசி' என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு வருவது 'ஹங்ரி', 'ஆங்ரி', 'தேர்ஸ்ட்டி' என்ற அட்ஜெக்டிவ்கள். இரண்டு மொழியும் ஒரே அனுபவத்தை வேறு வேறு வகைச் சொற்களில் சொல்கின்றன, இதில் எந்த மொழிக்கும் குறை இல்லை.

அப்புறம் வகைப்பாடே ஒன்றல்ல. தொல்காப்பியம் பெயர், வினை இரண்டையும்தான் முதன்மையாகச் சொல்கிறது. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து தோன்றுபவை என்கிறது. ஆங்கிலம் ப்ரிபொசிஷன் வைத்துச் செய்கிற பல வேலைகளைத் தமிழ் வேற்றுமை உருபு வைத்து, அதுவும் சொல்லின் இறுதியில், செய்துவிடுகிறது. 'இன் தி ஹவுஸ்' என்பதில் முன்னால் தனியாக நிற்கும் 'இன்', 'வீட்டில்' என்பதில் 'இல்' ஆகப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பொருளைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், வகையை ஆங்கில வாக்கியத்துக்குள்ளேயே தேடுங்கள்.

மொத்தம் எட்டா, ஒன்பதா? ஒரு புத்தகத்துல எட்டுன்னு இருக்கு, இன்னொண்ணுல ஒன்பதுன்னு இருக்கு.

இரண்டும் தவறில்லை. எட்டு என்ற எண் பழைய கிரேக்க இலக்கண மரபிலிருந்து வந்தது. அந்த எட்டில் ஆர்ட்டிகிளும் ('எ', 'தி' போன்றவை) பார்ட்டிசிபிளும் (வெர்ப்பிலிருந்து பிறந்து அடைமொழியாக வரும் வடிவம்) தனி வகைகள். இன்டர்ஜெக்ஷன் இல்லை, அட்ஜெக்டிவ் நவுனுக்குள்ளேயே அடங்கியிருந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது என்பதால் ரோமானிய இலக்கணக்காரர்கள் அதை விட்டுவிட்டு இன்டர்ஜெக்ஷனைத் தனி வகை ஆக்கினார்கள். ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள் அந்த லத்தீன் மாதிரியைத்தான் பின்பற்றினார்கள்.

இன்றைய புத்தகங்கள் பல 'எ', 'தி', 'திஸ்', 'மை', 'சம்', 'எவ்ரி' போன்றவற்றை டிடர்மினர் என்று தனியாகப் பிரிக்கின்றன, எட்டு ஒன்பதாவது இப்படித்தான். எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும், காரணம் இருக்கிறது. 'எ பிக் ரெட் பால்' என்று அட்ஜெக்டிவ்களை அடுக்கலாம், 'தி மை பால்' என்று டிடர்மினர்களை இப்படி அடுக்க முடியாது. நடத்தை வேறாக இருக்கும்போது பெயரும் வேறாக இருப்பது நல்லது. ஆனால் உங்கள் பாடப்புத்தகம் 'மை'யை அட்ஜெக்டிவ் என்று சொன்னால் தேர்வில் அப்படியே எழுதுங்கள்.

'லி'ன்னு முடிஞ்சா அட்வெர்ப்தானே?

பெரும்பாலும் ஆம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அந்த 'லி' எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அட்ஜெக்டிவோடு ஒட்டினால் பொதுவாக அட்வெர்ப்: 'ஸ்லோ', 'ஸ்லோலி'. நவுனோடு ஒட்டினால் பொதுவாக அட்ஜெக்டிவ்: 'ஃப்ரெண்ட்', 'ஃப்ரெண்ட்லி', 'காஸ்ட்', 'காஸ்ட்லி'. அதனால்தான் 'ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' என்று எழுதாமல் 'ஹி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று எழுதுகிறோம். 'டெட்லி' போல இந்த விதிக்கு அடங்காத சிலவும் உண்டு. 'டெய்லி', 'வீக்லி' இரண்டு வேலையும் செய்யும்.

எதிர்ப்பக்கமும் கவனிக்க வேண்டும். 'லி' இல்லாமலே அட்வெர்ப் ஆகும் சொற்கள் உண்டு. 'எ ஃபாஸ்ட் ட்ரெய்ன்', 'ஷி ரன்ஸ் ஃபாஸ்ட்': முதலாவது அட்ஜெக்டிவ், இரண்டாவது அட்வெர்ப். 'ஃபாஸ்ட்லி' என்று எழுதாதீர்கள். 'ஹார்ட்'டோடு 'லி' சேர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்கு.

'ஷி சிங்ஸ் ஸ்வீட்'னு எழுதினா தப்புன்னாங்க. 'தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' மட்டும் எப்படிச் சரி?

பாடுவது ஒரு செயல். அதை எப்படிச் செய்கிறார் என்று சொல்ல அட்வெர்ப் வேண்டும், ஆகவே 'ஸ்வீட்லி'. பூ எதையும் செய்யவில்லை. 'ஸ்வீட்' அந்த வெர்ப்பைப் பற்றி அல்ல, பூவைப் பற்றிச் சொல்கிறது. 'லுக்', 'ஃபீல்', 'ஸ்மெல்', 'சவுண்ட்', 'சீம்', 'பிகம்' ஆகியவை இப்படிப் பெயரையும் அதன் தன்மையையும் இணைக்கும் வெர்ப்களாக வரும். அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'தி ஃப்ளவர் இஸ் ஸ்வீட்' பொருந்துகிறது, எனவே அட்ஜெக்டிவ்.

இந்த வெர்ப்களும் இடத்துக்கு இடம் மாறும். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தார். 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி டோர்' என்றால் கதவைக் கோபத்தோடு பார்த்தார், இங்கே பார்ப்பது செயல்.

'ஸ்கூல் பஸ்'ல 'ஸ்கூல்' அட்ஜெக்டிவ்தானே? பஸ்ஸைப் பத்தித்தானே சொல்லுது?

வேலை அட்ஜெக்டிவ் போலத் தெரிந்தாலும் அது நவுன்தான். மேலே சொன்ன சோதனைகளை வையுங்கள். 'எ வெரி ஸ்கூல் பஸ்' வராது, 'தி பஸ் இஸ் ஸ்கூல்' வராது. ஒரு நவுன் இன்னொரு நவுனுக்கு முன்னால் நின்று அதை வகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். பள்ளிப் புத்தகங்கள் சில இதையும் அட்ஜெக்டிவ் கணக்கில் சேர்ப்பதுண்டு.

அப்போ 'தி புவர்'னு சொல்லும்போது 'புவர்' நவுனா?

வாக்கியத்தில் நவுன் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் 'புவர்ஸ்' என்று பன்மை ஆகாது, 'தி வெரி புவர்' என்று சொல்ல முடியும். ஆகவே நவுனின் இடத்தைப் பிடித்த அட்ஜெக்டிவ் என்பது என் பதில். 'தி ரிச்', 'தி ஓல்ட்' எல்லாம் இதே கதைதான். பொருள் பன்மை என்பதால் 'தி புவர் ஆர்' என்றுதான் வரும்.

'இங்'ல முடியிற சொல் வெர்ப்தானே? 'ஸ்விம்மிங்' ஏன் நவுன்னு போட்டிருக்கு?

'ஷி இஸ் ஸ்விம்மிங்' என்றால் வெர்ப்பின் பகுதி. 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்ஸர்சைஸ்' என்றால் நவுன் வேலை, இதற்கு ஜெரண்ட் என்று பெயர். இங்கே தமிழ் உதவுகிறது: 'நீந்துகிறாள்', 'நீந்துவது' அல்லது 'நீச்சல்' என்று நாமும் வடிவத்தை மாற்றுகிறோம். ஆங்கிலம் ஒரே வடிவத்தை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது. பொருளைப் புரிந்துகொள்ளத் தமிழ், வகையைத் தீர்மானிக்க ஆங்கிலச் சோதனை என்று முன்பு சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கொஞ்சம் நுட்பமான இடம் இது: 'எ ஸ்லீப்பிங் சைல்ட்', 'எ ஸ்லீப்பிங் பேக்'. முதலாவதில் குழந்தை தூங்குகிறது. இரண்டாவதில் பை தூங்கவில்லை, அது தூங்குவதற்கான பை. முதலாவது அடைமொழியாக வந்த பார்ட்டிசிபிள், இரண்டாவது 'ஸ்கூல் பஸ்' போல முன்னால் நிற்கும் நவுன் வகை. பேசும்போது காதிலும் வித்தியாசம் கேட்கும். 'ஸ்லீப்பிங் பேக்' என்பதில் அழுத்தம் முதல் சொல்லில் விழும்.

'இன்ட்ரஸ்டிங்', 'போரிங்' போன்றவை முழு அட்ஜெக்டிவாகவே ஆகிவிட்டன. 'வெரி இன்ட்ரஸ்டிங்' என்று சொல்ல முடிகிறதே. 'எ வெரி ஸ்லீப்பிங் சைல்ட்' என்று சொல்ல முடியாது.

'டு'வுக்கு அப்புறம் வெர்ப்போட மூல வடிவம்தான் வரணும்னு படிச்சேன். 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' எப்படி வருது?

இரண்டு 'டு' இருக்கின்றன. 'ஐ வான்ட் டு கோ' என்பதில் உள்ளது வெர்ப்புக்கு முன் வரும் வெறும் அடையாளம். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ளது ப்ரிபொசிஷன். பிரித்தறிய அங்கே ஒரு நவுனை வையுங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடே' பொருந்துகிறது. நவுன் வரக்கூடிய இடம் என்றால் வெர்ப்பும் ஜெரண்ட் வேடத்தில்தான் வர முடியும், ஆகவே 'மீட்டிங்'.

'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்பதிலும் ப்ரிபொசிஷன்தான், நடந்து பழகிவிட்டேன் என்று பொருள். 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பெல்லாம் நடப்பேன் என்று பொருள். நடுவில் இருக்கும் ஒரு 'ஆம்' எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'சின்ஸ்' இதெல்லாம் ப்ரிபொசிஷனா கன்ஜங்ஷனா?

அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். நவுன் மட்டும் வந்தால் ப்ரிபொசிஷன்: 'பிஃபோர் தி எக்ஸாம்'. எழுவாயும் வெர்ப்பும் சேர்ந்து வந்தால் கன்ஜங்ஷன்: 'பிஃபோர் ஷி கேம்'. எதுவுமே வராவிட்டால் அட்வெர்ப்: 'ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்'. எல்லாச் சொற்களும் இப்படிப் பல வேலை செய்வதில்லை. 'டியூரிங்' ப்ரிபொசிஷன் மட்டும்தான், 'டியூரிங் ஐ வாஸ் ஸ்லீப்பிங்' என்று எழுதக் கூடாது, அங்கே 'வைல்' வேண்டும்.

'தட்' வந்தாலே குழம்பிடுது. அது எத்தனை வகை?

'ஐ திங்க் தட் தட் பாய் நோஸ் தட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். முதல் 'தட்' கன்ஜங்ஷன், 'என்று' என்பது போல. இரண்டாவது டிடர்மினர், 'அந்தப் பையன்'. மூன்றாவது ப்ரோநவுன், 'அது'. இதோடு 'தி லெட்டர் தட் கேம் யெஸ்டர்டே' என்பதில் ரிலேட்டிவ் ப்ரோநவுன் (முன்னால் வந்த நவுனைச் சுட்டி, அதை விளக்கும் பகுதியைத் தொடங்குவது), 'இட் இஸ் நாட் தட் டிஃபிகல்ட்' என்பதில் அட்வெர்ப். முதலாவதை எளிதாக அடையாளம் காணலாம்: எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'ஐ திங்க் தட் பாய் நோஸ் தட்'.

'ஹெர்' இவ்வளவு சிக்கல் இல்லை. 'ஐ சா ஹெர்' என்றால் ப்ரோநவுன், 'ஐ சா ஹெர் பேக்' என்றால் டிடர்மினர். பின்னால் நவுன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'லுக் அப் தி வேர்ட்'ல 'அப்' ப்ரிபொசிஷன்தானே? பின்னாடி நவுன் வருதே.

நல்ல கேள்வி, இங்கே பலர் சறுக்குகிறார்கள். 'அப்'பை நவுனுக்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். 'லுக் தி வேர்ட் அப்' வருகிறது. 'ஷி ரேன் அப் தி ஹில்' என்பதை 'ஷி ரேன் தி ஹில் அப்' ஆக்க முடியாது. நகர மறுப்பது ப்ரிபொசிஷன். நகர்வது வெர்ப்போடு சேர்ந்து ஒரே பொருள் தரும் துணைச்சொல். புதிய புத்தகங்கள் இதை பார்ட்டிகிள் என்றும், பழைய புத்தகங்கள் அட்வெர்ப் என்றும் சொல்லும். நவுனுக்குப் பதில் 'இட்' வந்தால் அது நகர்ந்தே ஆக வேண்டும்: 'லுக் இட் அப்'.

'கோ டு ஹோம்' ஏன் தப்பு? 'கோ டு ஸ்கூல்' சரிதானே?

'கோ ஹோம்' என்பதில் 'ஹோம்' அட்வெர்ப், எங்கே என்பதற்கு அதுவே பதில். ப்ரிபொசிஷனுக்கு நவுன்தான் வேண்டும், ஆகவே 'டு'வுக்கு அங்கே வேலை இல்லை. 'அப்ராட்', 'டவுன்ஸ்டேர்ஸ்' போன்றவையும் அப்படித்தான். 'மை ஹோம்' என்று நவுன் ஆக்கினால் 'டு' திரும்பி வரும்.

ஒரே ஸ்பெல்லிங், ஆனா ரெண்டு விதமாச் சொல்றாங்களே?

இரண்டு அசை உள்ள பல சொற்களில் நவுனுக்கு முதல் அசையிலும் வெர்ப்புக்கு இரண்டாம் அசையிலும் அழுத்தம் வரும். 'ரெக்கர்ட்' நவுன், 'ரிகார்ட்' வெர்ப், எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'பெர்மிட்', 'ஆப்ஜெக்ட்', 'இன்க்ரீஸ்' ஆகியவையும் இதே வழி. எல்லாச் சொல்லும் அப்படி மாறாது, 'ஆன்ஸர்' எந்த வகையானாலும் ஒரே அழுத்தம்தான். 'யூஸ்', 'ஹவுஸ்' போன்ற சிலவற்றில் கடைசி ஒலி மாறும். நவுனில் பாம்பு சீறுவது போன்ற 'ஸ்', வெர்ப்பில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வுள்ள ஒலி.

அகராதிக்கு அகராதி மாறுதே, எதை நம்புறது?

'யெஸ்' என்ற சொல்லை ஒரு அகராதி அட்வெர்ப் என்கிறது, இன்னொன்று இன்டர்ஜெக்ஷன் என்கிறது. 'வொர்த்' சிலருக்கு அட்ஜெக்டிவ், சிலருக்கு ப்ரிபொசிஷன். 'ஃபன்' நீண்ட காலம் நவுனாகவே இருந்து, இப்போது பலர் வாயில் அட்ஜெக்டிவ் ஆகிக்கொண்டிருக்கிறது. இவை எல்லைக்கோட்டில் நிற்கும் சொற்கள், அகராதி தொகுப்பவர்களே இவற்றில் வேறுபடுகிறார்கள்.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் அந்தப் பாடத்திட்டத்தின் புத்தகம் சொல்வதை எழுதுங்கள். மற்ற நேரத்தில் அகராதியின் வகைக்குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். 'வொர்த்' எந்த வகை என்று முடிவாகத் தெரியாவிட்டாலும், 'இட் இஸ் வொர்த் ரீடிங்' என்று அதற்குப் பின் 'இங்' வடிவம் வரும் என்று தெரிந்தால் உங்கள் வாக்கியம் சரியாக அமையும்.